பழைய இரும்புக் கடைக்கு ஒரு வண்டி

'எனக்கு எப்ப வண்டி வரும்னு அந்தப் புதுசு ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா, இரு, வரும்னு எதையாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேனே.'

மனத்துக்குள் புலம்பிக்கொண்டிருந்தவளை வகுப்பில் ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக் கண்காட்சிக்காக நாலு மேசைகளை ஒட்டிப் போட்டு, பொம்மைச் சரக்கு ரயில் விடும் திட்டமே அவளுடையதுதான்.

இரும்பு ஆலையிலிருந்து தகடு கிளம்பி டப்பாத் தொழிற்சாலைக்குப் போகும். அங்கே செய்த டப்பாக்கள் பிஸ்கட் தொழிற்சாலைக்கு. பிஸ்கட் நிரப்பிய டப்பாக்கள் கடைவீதிக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை உண்டு. எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று அதில் எழுதியிருக்கும். அட்டையில் பெயர் இல்லாத இடத்தில் ரயில் நிற்காது. அந்தச் சட்டமும் அவள் போட்டதுதான்.

போன வாரம் வகுப்பில் புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். எல்லாருக்கும் அவள் 'புதுசு'. அதற்குள் தொழிற்சாலைகளை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். மூலையில் கையகல இடம்தான் மிச்சம்.

"நீ வேணும்னா அங்க ஒரு பழைய இரும்புக் கடை வச்சுக்கோ" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள் ஸ்டேஷன் மாஸ்டர்.

மறுநாளே கடை தயாராகிவிட்டது. கடிகாரப் பல்சக்கரங்கள் ஒரு குவியல், வளைந்த ஆணிகள் ஒரு குவியல், துருப்பிடித்த சாவிகள் ஒரு குவியல். நடுவில் தீக்குச்சியால் செய்த குட்டித் தராசு. வாசல்வரை தண்டவாளம்.

"எப்படி இவ்வளவு சரியா செஞ்ச?"

"எங்க அம்மா கடை இப்படித்தான் இருக்கும்" என்றாள் புதுசு. "கண்காட்சிக்கு அம்மாவும் வர்றாங்க."

மூன்று நாள் ஒத்திகை நடந்தது. ரயில் வரும் சத்தம் கேட்டதும் புதுசு தராசைத் துடைத்து வைப்பாள். ரயில் நிற்காமல் போய்விடும். அவள் கைகளை மடியில் வைத்துக்கொள்வாள். ஸ்டேஷன் மாஸ்டருக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்ட கையோடு வந்து அட்டைகளைப் பரப்பினாள். பிஸ்கட் தொழிற்சாலை முதலாளியான தீனி அங்கே தன் சரக்கைத் தின்றுகொண்டிருந்தான்.

"தீனி, பிஸ்கட் தீர்ந்ததும் டப்பாவ என்ன பண்ணுவ?"

"தட்டித் தட்டித் தூளையும் தின்பேன்."

"அதுக்கப்புறம்?"

"தூக்கிப் போடுவேன்."

"எங்க?"

தீனியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. இருவரும் ஒரே நேரத்தில் மூலையைப் பார்த்தார்கள்.

"ஆமா, என் ஆலைக்கு இரும்பு எங்கேருந்து வருதுன்னு எழுதியிருக்க?" என்றான் தீனிக்குப் பின்னால் நின்ற இரும்பு ஆலைக்காரன்.

ஸ்டேஷன் மாஸ்டர் அட்டையைப் பார்த்தாள். 'வெளியூர்' என்றிருந்தது. எந்த வெளியூர் என்று அவளுக்கே தெரியாது. அசடு வழியச் சிரித்துவிட்டு, அதை அடித்து 'பழைய இரும்புக் கடை' என்று திருத்தினாள். கடைவீதியிலிருந்து சும்மா திரும்பும் காலிப் பெட்டிக்கும் புதிதாக ஓர் அட்டை எழுதினாள்.

அன்று மாலை, காலி டப்பாக்களோடு ரயில் முதல்முறையாக மூலைக்குத் திரும்பி நின்றது. புதுசு ஒவ்வொன்றாக எடை போட்டாள்.

"ஒண்ணுல பிஸ்கட் தூள் ஒட்டியிருக்கு. இதெல்லாம் எடையில சேராது" என்றாள் கறாராக.

"கொடு, நான் சுத்தம் பண்றேன்" என்று ஓடி வந்தான் தீனி.

கண்காட்சி அன்று காலை டீச்சர் மேசையைச் சுற்றி வந்தார்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. அந்த மூலை மட்டும் குப்பை மாதிரி தெரியுது. பெரியவங்கல்லாம் வர்றாங்க. அத எடுத்துட்டு ஒரு பூங்கா வச்சிடேன். பச்சைத் தாள் நான் தர்றேன்."

டீச்சர் அன்பாகத்தான் சொன்னார். புதுசு தராசை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் இதுவரை டீச்சர் சொன்ன எதையும் மறுத்ததில்லை. அவள் புதுசின் கையைப் பிடித்து, தராசை அதன் இடத்திலேயே வைத்தாள். பிறகு காலிப் பெட்டியில் அட்டையைச் செருகினாள்.

"வேண்டாம் டீச்சர்" என்றாள் மெல்ல. "அங்க ஒரு வண்டி போகணும்."