தம்பியின் வெள்ளைக் கை

தம்பியின் கையில் ஒரு விரிசல் இருந்தது.

கண்காட்சிக் கூடத்தில் நாற்பது பீடங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூலியாளின் வலது கை, மணிக்கட்டு வரை அச்செடுத்து, வெள்ளை பிளாஸ்டரில் வார்த்து வைத்தது. மாடியில் சுவர் பூச வந்திருந்த கொத்தனார் சாப்பாட்டு நேரத்தில் சாமான் பையும் கையுமாகக் கீழே இறங்கியிருந்தார். மரமில்லில் ரம்பம் ஓட்டும் அவர் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. என் கையை எப்படி வச்சிருக்காங்கன்னு பார்த்துச் சொல்லு என்று நாலு நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தான். அச்செடுத்த அன்று, என்ன ஆனாலும் உள்ளங்கையை மூடக் கூடாது என்று சிற்பியம்மா சொல்லியிருந்தார். நாற்பது கைகளும் எதையோ கேட்டு நீட்டியதுபோல் விரிந்தே கிடந்தன. குளிர் எந்திரம் முனகியது. தம்பியின் பீடத்தருகே மட்டும் ஈரப் பிளாஸ்டர் வாசனை; வார்த்து இரண்டு மாதமான பொருளுக்கு அந்த வாசனை வரக் கூடாது.

"உங்க வீட்டுக் கைதான்னாலும் தொடக் கூடாதுங்க," என்று சிரித்துவிட்டு, காவல்கார அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு போய்விட்டார்.

ஆள்காட்டி விரலின் அடியில், மயிரிழை போல் ஒரு கோடு. கொத்தனார் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"அட, காலைல அதே இடத்துலதாண்ணே கீறிக்கிட்டேன்," என்றான் தம்பி. பின்னால் ரம்பம் இரைந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே கோடு நீண்டது. விரலைத் தாண்டி, உள்ளங்கை ரேகைகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு, மணிக்கட்டைப் பார்த்து.

"அண்ணே, கை மரத்துப் போவுதுண்ணே." இப்போது அவன் சிரிக்கவில்லை.

"ரம்பத்த நிறுத்து. கையை எடு."

"தூக்க வரலண்ணே."

விரிசலை அடைத்தால் நின்றுவிடும். அது ஒன்றுதான் கொத்தனாருக்குத் தோன்றியது. போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டார். சாமான் பையிலிருந்த பிளாஸ்டரைக் குடிதண்ணீரில் குழைத்தார். உளியையும் சுத்தியலையும் எடுத்தார். விரிசலின் மேல் அப்படியே பூசினால் நாலு நாளில் உதிர்ந்துவிடும். முதலில் உளியால் வெட்டி அகலப்படுத்த வேண்டும், அப்போதுதான் உள்ளே போய்ப் பிடிக்கும். முப்பது வருஷமாக அப்படித்தான். அதற்கு யோசனை வேண்டாம். கையே செய்யும்.

ஒரு தட்டு.

சட்டைப் பைக்குள் தம்பி அலறினான்.

ரம்பத்தில் மாட்டிக்கொண்டான் போல. சீக்கிரம். இன்னும் சீக்கிரம். இரண்டாவது தட்டு. மூன்றாவது. தட்டுக்கு ஒரு அலறல். நாலாவதில்தான் அந்தக் கணக்கு அவருக்கு உறைத்தது.

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"ரம்பம் நின்னுடுச்சுண்ணே," என்றது பைக்குள்ளிருந்த குரல். "யாரோ வெட்டுறாங்கண்ணே. இங்க யாருமே இல்ல."

வெட்டுக்குள் பார்த்தார். பொடி இல்லை. சிவப்பு. ஈரம். துடிப்பு. அடியில் எலும்பு.

உளியை உருவினார். வரவில்லை.

பீடத்தின் ஓரத்திலிருந்து தரையில் சொட்டியது. முப்பத்தொன்பது கைகள் விரிந்தே இருந்தன. தம்பியின் கை மட்டும் மூடியிருந்தது. ஐந்து வெள்ளை விரல்களும் உளியைச் சுற்றி, அதைப் பிடித்திருந்த அண்ணனின் விரல்களையும் சேர்த்து, இறுகிக்கொண்டே வந்தன.