பிரசவத்துக்கு வந்த பெண்கள்

பூஜாவுக்குப் பால் வற்றிப்போய் நாளாகிவிட்டது. ஆனாலும் குழந்தை கொழுத்துக்கொண்டே வந்தது.

பூஜாவின் அம்மா கனகலட்சுமிக்கு முதலில் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் இட்லி ஊற்றிவிட்டு, சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் மாகாணிப்பேடு ஏரிக்கரையில் இறங்கி, கால் கழுவிய கையோடு பேரனைத் தூளியிலிருந்து தூக்குவாள். நேற்றைக்கு இன்று கனத்திருப்பான். இன்னும் கழுத்து நிற்காத பிள்ளைக்குக் கன்னம் மட்டும் தொங்கியது. ஊர் நர்ஸ் எடை பார்த்துவிட்டு, "பேரனுக்கு என்னம்மா போடறீங்க?" என்று சிரித்துவிட்டுப் போனாள். கனகலட்சுமியும் சிரித்தாள். அப்புறம்தான் அடுப்பங்கரை அலமாரியில் இருந்த பால்பவுடர் டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

உள்ளே ஒட்டியிருந்த வெள்ளித்தாள் கிழிக்கப்படவே இல்லை.

"பூஜா, புள்ளைக்கு இன்னாடி குடுக்கற?"

பூஜா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். தீபாவளியிலிருந்தே அவளிடம் பேச்சு இல்லை. பிரசவ வார்டில்கூட ஒரு சத்தம் போடவில்லை என்று ஆயா அதிசயப்பட்டாள். "ரத்தம் கம்மி, அசதி, போகப்போக சரியாயிடும்" என்றார் டாக்டர். கனகலட்சுமி கேட்டவர்களிடமெல்லாம் அதையே ஒப்பித்தாள். ஒப்பிக்கும்போது யார் கண்ணையும் பார்க்க மாட்டாள். பேச்சு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியும். எந்தக் கை நிறுத்தியது என்றும் தெரியும்.

அந்த வலது கையை இப்போதெல்லாம் அவள் முந்தானைக்குள்தான் வைத்துக்கொள்கிறாள்.

தூளியைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். பிள்ளை நனைத்த ஈரமாக இருந்தால் சூடாக இருக்கும். இது சில்லென்றிருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தாள். பாசி. சேறு. லேசான கவுச்சி.

ஏரி.

*

மாகாணிப்பேட்டில் வெடி வெடிப்பதில்லை. ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் ஓய்வில்லாமல் உறுமும் ரோடு, மறுபக்கம் கம்பெனி மதில், நடுவில் ஏரி. ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் கருவேல மரங்கள். மழை விழுந்ததும் அந்த மரங்கள் வெளுத்துவிடும். வக்கா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் என்று கூட்டம் கூட்டமாக இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக நத்தைகுத்தி நாரை, மூடினாலும் அலகு நடுவில் சந்து விட்டிருப்பது, வளர்ந்தபின் குரல் இல்லாமல் அலகைத் தட்டியே பேசுவது. ஊரில் யாரும் பறவை என்று சொல்வதில்லை. "பொண்ணுங்க வந்துட்டாளுங்களா?" என்றுதான் விசாரிப்பார்கள். தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த பெண்கள். பிள்ளை பெற்ற வீட்டில் எவனாவது வெடி வைப்பானா? தீபாவளிக்குக் கம்பி மத்தாப்போடு சரி. கல்யாண மேளம்கூடக் கரையைத் தாண்டித்தான் வாயைத் திறக்கும்.

இந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. பெண்களும் முந்திக்கொண்டார்கள். ஐப்பசியிலேயே கூடு கூடாகக் குஞ்சு.

அதே ஐப்பசியில் கனகலட்சுமியின் பெண்ணும் நிறைமாதமாக வந்து சேர்ந்தாள். தையில் கல்யாணம் ஆனவள், ஆகவே தலைதீபாவளியும் அதுதான். மாப்பிள்ளை வசந்தகுமார் இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மாவையும் அழைத்துக்கொண்டு முதல் நாளே வந்து இறங்கியிருந்தான். வெடி கிடையாது என்று கேட்டதும் சம்பந்தியம்மா முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

"தலைதீபாவளிக்கு ஒரு சரம் கொளுத்த வக்கில்ல. நாரை மேல பழி போடறீங்க. ஆம்பள இல்லாத வூடுன்னா இப்டித்தான்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கனகலட்சுமி இரவெல்லாம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மாப்பிள்ளை கார் டிக்கியிலிருந்து சரத்தை எடுத்தபோது அவள் தடுக்கவில்லை. பூஜை அறைக்குப் போய்த் தீப்பெட்டியை அவளே எடுத்துவந்து கொடுத்தாள்.

சரம் முடிந்தபோது ஏரியே இருட்டில் எழுந்து நின்றது. அவ்வளவு சிறகு. மாப்பிள்ளை வீட்டார் கோயிலுக்கென்று காரில் கிளம்பிப் போய்விட்டார்கள். விடிந்தது. மழைவிட்ட வெயில் ஊசியாக இறங்கியது. பெண்கள் உயரத்தில் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். கீழே வரவில்லை. மற்ற நாளென்றால் தாய் நாரை வெயிலுக்குக் குறுக்கே சிறகை விரித்து நிற்கும், அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சின் மேல் ஊற்றும், விழுங்கிய நத்தையைக் கக்கி ஊட்டும். அன்றைக்கு நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை, இரையும் இல்லை. எல்லாக் கூட்டிலும் கழுத்துகள் நீண்டு, வாய்கள் பிளந்து, 'க்கே... க்கே...' என்று மதியம் முழுக்க ஒரே இரைச்சல். பொழுது சாய்வதற்குள் அந்த இரைச்சல் ஓய்ந்துவிட்டது.

கனகலட்சுமி அதற்குள் வாசலைப் பெருக்கியிருந்தாள். சிவப்புச் சிவப்பாக வெடிக் காகிதம். எங்கே தள்ளுவது என்று யோசித்ததாக நினைவில்லை. துடைப்பம் தானாகப் பக்கத்து ரூம் பக்கம் திரும்பியது. அந்த ரூமில் வாடகைக்கு இருந்தவன் ஜோ. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், சுங்குவார்சத்திரம் கம்பெனியில் லைன் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து, வாசலில் கிடந்த தாளைக்கூடக் கவனிக்காமல் தூங்கிப்போயிருந்தான்.

ஊர் திரண்டு வந்து அவன் கதவைத்தான் உடைத்தது.

"நாங்க கிறிஸ்மஸுக்குத்தான் வெடிப்போம்! நான் டூட்டியில இருந்தேம்லா! யக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா!"

கனகலட்சுமி தரையைப் பார்த்தாள். பின்னால் நின்ற பூஜா, "அம்மா, நான் சொல்லிடறேன்" என்று முன்னால் வந்தாள். அவ்வளவுதான். கனகலட்சுமியின் வலது கை பெண்ணின் வாய்மேல் போய் அப்பிக்கொண்டது. பல் உதட்டில் பதியும்படி அழுத்தினாள்.

"வாயத் தொறக்காத. தொறந்த, உன் வாழ்க்கை போச்சு."

யாரோ ஜோவை வாயிலேயே குத்தினார்கள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் வாளியில் துணிமணியோடு அவன் பஸ் ஏறிப் போனான்.

பூஜா அன்றைக்கு மூடிய வாய்.

*

டவரில் ஏறி ஏரிக்குக் காவல் பார்க்கும் காவேரி, தூளி ஈரமாயிருந்த அன்றே சாயங்காலம் வந்தாள். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, பேரன் பூசணிக்கா கணக்கா கீறான்! எனக்கும் அந்த சத்துமாவு கொஞ்சம் குடேன். டவர் ஏறி எறங்கி துரும்பாப் பூட்டேன்."

"நீயா துரும்பு? டவரே சாஞ்சி கீது."

காவேரி சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"பொண்ணுங்கள்லாம் திரும்பி வந்துட்டாளுங்கக்கா. மறுபடி முட்டை வெச்சிருக்காளுங்க. ஆனா ஒண்ணு. உன் வூட்டுப் பின்னால கரையில யாரோ நத்தை பொறுக்கறாங்க. ஓடு குமிஞ்சி கெடக்குது. நாரை தின்னுட்டுப் போட்டதுன்னு நெனச்சேன். சேத்துல பாத்தா மனுசக் கால்."

"நம்ம ஆளுங்க எவனாச்சும் இருக்கும்."

"ஒத்தக் கால்தான் பதிஞ்சி கீது. எடமெல்லாம் ஒத்தக் கால்."

உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். தாழ்ப்பாளாக இருக்கும் என்று கனகலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு," என்றாள் காவேரி. "ஜோ போன் பண்ணான். முன்பல்லு போச்சில்ல, பேச்சே கொழறுது. எங்க ரூம் கேட்டாலும் ஏரிய அழிச்சவன்னு வெரட்றாங்களாம். நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்கறான். பக்கத்து வூடு, உனக்குத் தெரியாதா? சொல்லேன்க்கா. யாரு வெடிச்சது?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகள் பேர் வைக்க வருகிறார்கள். பேரனுக்குச் செயின். ஊர் முன்னால் மாப்பிள்ளை தலைகுனிந்தால் பூஜாவை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆம்பளை இல்லாத வீடு.

"எனக்கு இன்னாடி தெரியும்? நான் தூங்கினு இருந்தேன்."

டக். டக டக டக.

இரண்டு பேரும் திரும்பினார்கள். கதவோரம் இருட்டில் பூஜா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. உதடு மூடியிருந்தது. மூடியிருந்தும் நடுவில் மட்டும் ஒரு சந்து விட்டிருந்தது.

காவேரி தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "வரேன்க்கா" என்றாள். படியிறங்கும்போது பூஜாவைத் திரும்பிப் பார்த்தவள், வேகமாக நடந்தாள்.

அன்றைக்குக் குழந்தை கக்கியது. வெள்ளையாக எதுவும் வரவில்லை. கனகலட்சுமி முந்தானையால் துடைத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில், ரப்பர் மாதிரி, நீள நீளமாக ஏதோ. விரலால் நசுக்கினாள். நசுங்கவில்லை.

துணியைக் கல்லில் அடித்துத் துவைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

*

மறுநாள் மழை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது விளக்கு வைக்கிற நேரம். ஊரே இருண்டிருந்தது, கரண்ட் இல்லை. ஏரிக்கு அப்பால் கம்பெனி விளக்குகள் மட்டும் ஜெனரேட்டரில் எரிந்து, மேகத்தின் அடிவயிற்றை ஆரஞ்சாக்கிக்கொண்டிருந்தன. கருவேல மரங்களில் பெண்கள் வரிசை வரிசையாக அடைந்திருந்தார்கள். வழக்கமாக அடைகிற நேரத்தில் சிறகடிப்பும் தள்ளுமுள்ளுமாக இருக்கும். இன்றைக்கு அசைவில்லை. எல்லாம் ஒரே திசையில் திரும்பி உட்கார்ந்திருந்தன. அவள் வீட்டைப் பார்த்து.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கால் வைத்ததும் தரை வழுக்கியது. பின்வாசலிலிருந்து ஈரத் தடம் ஒன்று கூடத்தைக் கடந்து உள்ளறைக்குப் போயிருந்தது. கவுச்சி மூக்கை அடைத்தது. காய்ந்த சேறு, அழுகின பாசி, எச்சத்தின் சுண்ணாம்பு நெடி. எங்கோ தண்ணீர் சொட்டும் ஓசை. அதோடு இன்னொரு ஓசை, மெல்லிசாக, விட்டு விட்டு.

க்கே.

க்கே... க்கே...

அவளுக்கு அந்த ஓசை தெரியும். அந்த மதியம் முழுக்கக் கேட்டது.

"பூஜா?"

உள்ளறை ஜன்னலில் ஆரஞ்சு வெளிச்சம். தூளிக்கு மேல் ஏதோ நின்றது. உயரமாக. ஒற்றைக் காலில். இரண்டு பக்கமும் அகல விரித்து. விரித்ததிலிருந்து நீர் வழிந்தது. கீழே தூளிக்குள், சொட்டுச் சொட்டாக.

நாரை. வீட்டுக்குள் நாரை வந்துவிட்டது. துடைப்பத்தைத் தேடிக் கை அலைந்தது.

மின்னல் வெட்டியது.

நாரை இல்லை.

நனைந்த புடவை. விரித்த இரண்டு கை. முழங்காலில் மடக்கி மேலே ஏற்றிய ஒரு கால். அவள் பெற்ற பெண்.

கனகலட்சுமி சேற்றுத் தரையில் மண்டியிட்டாள். "அம்மா செஞ்சது தப்புடி. நான் சொல்லிடறேன். ஊரைக் கூட்டி சொல்லிடறேன். அந்தப் பையன் கால்ல வுழறேன். நீ பேசுடி. வாயத் தொறடி, பூஜா!"

இடுப்பில் போன் அடித்தது.

திரையில் சம்பந்தியம்மா பெயர். கனகலட்சுமி அதைப் பார்த்தாள். கட்டைவிரல் தானாக நகர்ந்தது, அன்றைக்குத் துடைப்பம் திரும்பிய மாதிரியே.

"இன்னா சம்பந்தி, கொரலே ஒரு மாதிரி கீது? புள்ள நல்லா கீறானா?"

தூளிக்குள் க்கே... க்கே...

"ஒண்ணும் இல்ல சம்பந்தியம்மா," என்றாள் கனகலட்சுமி. எவ்வளவு தெளிவாக வந்தது அந்தக் குரல்! "மழை, அதான். எல்லாரும் நல்லா கீறாங்க. ஞாயித்துக்கெழம வாங்க."

போனை வைத்தாள். வைத்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

பூஜா மடக்கிய காலைக் கீழே வைத்தாள். மெல்லத் திரும்பினாள். போன் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

வாயைத் திறந்தாள்.

பேச்சு வரவில்லை. முதலில் தண்ணீர் வந்தது, கறுப்பாக. பிறகு தாடை ஆடியது. டக டக டக டக. எலும்பில் எலும்பு. வெளியே ஏரியில், ஒரு மரம் பதில் சொன்னது. அடுத்த மரம். அதற்கடுத்தது. கரை முழுக்க, மழைக்கு மேலே, டக டக டக டக. குரல் இல்லாத அத்தனை பெண்களும்.

பூஜா தூளிப் பக்கம் குனிந்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

வேண்டாம் என்று கத்தக் கனகலட்சுமி வாயைத் திறந்தாள். காற்று வந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். பல்லோடு பல் மோதியது. டக். டக டக. கையால் தாடையைப் பிடித்தாள். அதே வலது கை. பிடித்தும் நிற்கவில்லை. டக டக டக டக.

தூளிக்குள் அந்த ஓசை கேட்டது போலும்.

துணியின் விளிம்புக்கு மேலே முதலில் தலை வந்தது. பிறகு கழுத்து. இன்னும் நிற்காத கழுத்து. ஒரு சாண். அதற்கும் மேலே. ஆடி ஆடி, அது பூஜாவை விட்டு இந்தப் பக்கம் திரும்பி, கனகலட்சுமியைப் பார்த்து, வாயை அகலப் பிளந்தது.