ஆளுருக்களுக்கு மட்டும்

ஏவூரில் மாலை ஆறு மணி ஆனால் இயந்திரங்கள் வீடு திரும்பும். மனிதர்கள் ரயில் நிலையத்துக்கு ஓடுவார்கள்.

தெருமுனையில் ஆளுருக்களின் வரிசை தெரிந்ததுமே வீட்டுக்காரர்கள் ஈரத்துணியுடன் வாசலுக்கு வந்துவிடுவார்கள். உப்புக்காற்றில் வந்த இயந்திரத்தின் முகத்தையும் கைகளையும் துடைத்து, மாடிக்கு அனுப்பி, மின்சாரம் ஏற்றும் மின்னூண் குழாயை முதுகில் செருகிவிட்டுத்தான் அவர்கள் தங்கள் வீட்டில் காபி போடுவார்கள். அந்த ஊரில் அதுதான் விருந்தோம்பல்.

தென்கடற்கரையில் ஏவுதளம் வந்தபோது ஏவூர் வெறும் மணல்மேடு. பிறகு ராக்கெட் உறுப்புகள் செய்யும் ஆலைகள் வந்தன, அவற்றில் வேலை செய்ய மனித வடிவ இயந்திரங்களான ஆளுருக்கள் வந்தன. பத்து ஆளுருக்களுக்கு ஒரு மனிதர் மேற்பார்வைக்கு இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொன்னதால் மனிதர்களுக்கும் லட்சக்கணக்கில் வேலை கிடைத்தது. வளராமல் நின்றுபோனவை வீடுகள் மட்டும்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏவுதளத்தின் பாதுகாப்பு வளையம். ஆளுருக்கள் இரவில் தூசியில்லாத குளிர்ந்த அறையில் ஓய்வெடுக்க வேண்டும். ஆலைகள் அதற்கான வாடகையை முன்கூட்டியே கட்டிவிடும். ஆளுரு மீன் பொரிக்காது, சுவரில் ஆணி அடிக்காது, அதைத் தேடி மாமனார் வர மாட்டார். இப்படிப்பட்ட குடித்தனத்தை விட்டுவிட்டு யார் மனிதர்களுக்கு வீடு கொடுப்பார்கள்? ‘ஆளுருக்களுக்கு மட்டும்’ என்ற பலகை வீட்டுக்கு வீடு தொங்கியது. இயந்திரத்தை மேய்க்கும் மனிதர் மூன்று மாவட்டம் தாண்டிக் குடியிருந்தார்.

நிறைமதி எரிபொருள் தொட்டிகளின் பற்றவைப்பைச் சோதிக்கும் ஆளுருக்களுக்கு மேற்பார்வையாளர். பெரம்பலூர் பக்கத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் முழுக்க அவள் ரயிலில்தான் தூங்கினாள். நின்றுகொண்டே தூங்கவும் பழகியிருந்தாள். ஒருநாள் பணிநேரத்தில் கண்ணயர்ந்து ஒரு விரிசலைத் தவறவிட்டாள். இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும் என்றார்கள்.

ஆலையில் ஆளுருக்களுக்கு அறை ஒதுக்கும் பிரிவில் இருந்த தோழி எஸ்தர்ராணிதான் அந்த வழியைச் சொன்னாள்.

“பேசாம நீயும் மெஷினாயிரு.”

“வெளையாடாத.”

“வெளையாட்டில்ல. ஒடைச்சுப் போட்ட ஆளுரு ஒண்ணோட எண் சும்மாதான் கெடக்கு. வாடகையை உன் சம்பளத்துல கழிச்சிக்கிடுதேன். சாம்பல் சட்டை, கழுத்துல நீல விளக்குப் பட்டை, அவ்வளவுதான். இப்ப வாரதெல்லாம் பாக்கதுக்கு நம்மள மாதிரித்தானே இருக்கு? இருமாம மட்டும் இரு.”

அப்படித்தான் நிறைமதி கோமதியம்மாள் வீட்டு மாடிக்குக் குடிவந்தாள். ஆலையிலேயே சாப்பிட்டுவிடுவாள். அறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்காதபடி குழாயை நூலளவு திறந்து முகம் கழுவுவாள். மின்னூண் குழாயைத் தானே செருகிக்கொள்ளும் புதுவகை என்று எஸ்தர்ராணி சொல்லிவைத்திருந்ததால் அதிலும் தப்பித்தாள். ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால் போர்வைக்குள் புகுந்து, உதடு அசைவது தெரியாமல் பேசுவாள். “ஏன்டி குசுகுசுன்னு பேசுற, யார் இருக்கா பக்கத்துல?” என்று அம்மா சந்தேகப்பட்டாள். பக்கத்தில் யாருமே இல்லை என்பதை எப்படி நம்பவைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கோமதியம்மாளின் கணவர் இறந்து வெகுகாலமாகிவிட்டது. ஒரே மகன் நிலவுக் குடியிருப்பில் சுரங்கப் பொறியாளர். அழைப்பை எடுத்தால், “அப்புறம் பேசுதேம்மா” என்பான். ஆகவே அவள் மாடி ஆளுருவிடம் பேசினாள். அதற்குச் செல்வி என்று பெயரும் வைத்தாள்.

“செல்வி, கீழ வா. இந்த ரசத்தை மோந்து பாரு. உனக்கு எங்க வாசம் தெரியும்... இருந்தாலும் பாரு.”

நிறைமதி குனிந்து முகர்வாள். வாயில் எச்சில் ஊறும். “பதிவு செய்துகொண்டேன், அம்மா,” என்பாள். ஆளுருக்கள் எழுத்துத் தமிழில்தான் பேசும்.

அடுப்படி, பூஜையறை, பீரோ என்று செல்வி போகாத இடம் அந்த வீட்டில் இல்லை. பரணிலிருந்து பித்தளைப் பானையை இறக்கிக் கொடுத்தாள். சாமிவிளக்கைத் துடைத்தாள். மகன் வராத தீபாவளிகளைப் பற்றி, கணவர் ஒருமுறை கை நீட்டி அடித்ததைப் பற்றி, யாரிடமும் சொல்லாததையெல்லாம் கோமதியம்மாள் அவளிடம் சொன்னாள். “மனுசங்ககிட்ட சொன்னா நாலு இடத்துல சொல்லிருவாவ. நீ சொல்ல மாட்ட.” அவள் அழும்போது அருகில் போய்த் தோளைத் தொட வேண்டும் என்று நிறைமதியின் கை துடிக்கும். ஆளுருக்கள் தாமாகத் தொடுவதில்லை. ஆகவே அசையாமல் நிற்பாள்.

மழைக்காலத்தில் நிறைமதிக்குக் காய்ச்சல் கண்டது. மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். மாலை திரும்பும்போது மாடிப்படியில் கால் மடங்கி விழுந்தாள். கோமதியம்மாள் ஓடிவந்து நெற்றியில் கைவைத்தாள்.

“ஐயோ, கொதிக்கே! பேட்டரி வெடிச்சிருமோ?” ஈரத்துணியைப் போட்டுவிட்டுப் பழுதுபார்ப்பவர்களைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.

வந்தால் எண்ணைப் பார்ப்பார்கள். எஸ்தர்ராணிக்கும் வேலை போகும். “கூப்பிடாதீங்கம்மா,” என்றாள் நிறைமதி. தேக்கி வைத்திருந்த இருமலெல்லாம் ஒன்றாகப் புறப்பட்டது. கண்ணில் நீர் வழிந்தது.

கோமதியம்மாள் போனைக் கீழே வைத்தாள். “மெஷின் அழுமா?” என்றாள் மெதுவாக.

“நான் மனுஷிம்மா. பேரு நிறைமதி. தங்க எடம் கெடைக்கல.”

திட்டுவாள், துரத்துவாள் என்று காத்திருந்தாள். கோமதியம்மாளோ அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். “அடப் பாவிமகளே! அப்ப அந்த ரசத்தை மோந்துகிட்டா வயித்தைக் காயப்போட்டுக் கெடந்த?” என்று சொல்லி அழுதாள், பிறகு சிரித்தாள்.

காய்ச்சல் இறங்கும்வரை நிறைமதியைக் கீழே கூடத்திலேயே படுக்கவைத்து, கஞ்சி காய்ச்சி, தேங்காய்த் துவையல் அரைத்துக் கொடுத்தாள். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கோமதியம்மாள் கேட்டதற்கெல்லாம் உடனே பதில் வந்தது. சில சமயம் மறுப்பும் வந்தது. “உங்க மகன் மேல மட்டும் தப்பில்லம்மா, நீங்களும் கூப்பிட்ட உடனே கொறை சொல்றீங்க,” என்று நிறைமதி சொன்னபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “வாய் பேசுத பிள்ளை வீட்டுல இருந்து எவ்வளவு நாளாச்சு,” என்றாள். நிறைமதி அம்மாவுடன் போர்வைக்கு வெளியே, வழக்கமான குரலில் பேசினாள்.

ஒரு மதியம், நிறைமதியின் தலைக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டே கோமதியம்மாள் கேட்டாள்.

“பெரம்பலூர்னு சொன்னியே, அங்க நீங்க என்ன ஆளுங்க?”

நிறைமதி சொன்னாள்.

“ஓ,” என்றாள் கோமதியம்மாள். சாம்பிராணி காட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு, “புகை போதும், கண்ணு எரியும்,” என்று எழுந்து போனாள்.

அன்று சாயங்காலக் காபி காகிதக் குவளையில் வந்தது. அதைக் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டுப் போனாள். கொல்லையில் புளி போட்டுப் பித்தளைப் பானையைத் தேய்க்கும் சத்தம் இருட்டும்வரை கேட்டது. நிறைமதி மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினாள். ரயிலைத் தவிர வேறு எங்கே போவது என்று யோசித்தபடி இருந்தாள்.

கோமதியம்மாள் மேலே வந்தாள். அறைக்குள் வராமல் நிலைப்படிக்கு வெளியே நின்றாள்.

“எனக்கு ஒண்ணும் கெடையாது பாத்துக்க. நான் அப்படிப்பட்டவ இல்ல. எதுத்த வீட்டுல கேப்பாவ. சொந்தக்காரங்க வந்து போற வீடு.”

“புரியுதும்மா. காலையில போயிடுறேன்.”

“போன்னு யாரு சொன்னா?” கோமதியம்மாளின் குரல் உடைந்தது. “நீ போனா நான் யாருகிட்ட பேசுவேன்? முன்ன மாதிரியே இருந்திரேன். மெஷினா இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. அடுப்படிக்கும் வரலாம், சாமி ரூமுக்கும் வரலாம். எனக்கும் மனசு சங்கடப்படாது.”

நிறைமதி நாளை பணிக்குப் போக வேண்டும். ஏவூரில் அன்றைக்குக் காலியாக இருந்த ஒரே அறை, அவள் நின்றுகொண்டிருந்த அறைதான். சாம்பல் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மாலை வாசலில் கோமதியம்மாள் ஈரத்துணியுடன் நின்றாள். முகத்தைத் துடைத்துவிட்டாள். கைகளைத் துடைத்துவிட்டாள். துணியைப் பிழிந்தபடி அடுப்படிக்கு அழைத்துப் போய், மணையைப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“செல்வி, உனக்கு ஒண்ணு சொல்லுதேன் கேளு. இங்க ஒரு பொண்ணு வந்து தங்கியிருந்தா. நிறைமதின்னு பேரு. தங்கமான பிள்ளை. மக மாதிரி வச்சிருந்தேன். திடீர்னு இல்லாமப் போயிட்டா. மனுசங்களே இப்படித்தான், யாரும் நம்ம கூடத் தங்க மாட்டேங்காவ.”

அடுப்பில் ரசம் நுரைத்துக்கொண்டிருந்தது. கோமதியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எதிரில் இருந்தவள் அசையவில்லை.

“பதிவு செய்துகொண்டேன், அம்மா.”