எந்த அவகாசம்?

டெல்னாவுக்கு வாய் ஒன்றுதான், பேச்சு இரண்டு. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம். கேரள எல்லையோரம் காரோட்டில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஆனால் டெல்னா மட்டும், "எனக்கு ரெண்டும் தண்ணி பட்ட பாடாக்கும்!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அவ்வளவு பெருமை!

அந்தப் பெருமைக்கு ஒரு சனிக்கிழமை வேலை வந்தது.

திருவனந்தபுரத்திலிருந்து ஸ்ரீகுமாரி மேடம் ஜீப்பில் வந்து பள்ளியில் இறங்கினார். டெல்லியில், நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்காகவும் ஒரு பெரிய திட்டம் போடுகிறார்களாம். பிள்ளைகளுக்கு என்ன குறை என்று பிள்ளைகளிடமே கேட்க வேண்டுமாம். "பள்ளிக்கு வராத பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க மக்கா" என்று கிருபாபாய் டீச்சர் முந்தின நாளே சொல்லியிருந்தார்.

டெல்னா போய் ரெஷ்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ரெஷ்மா அவளுடைய பக்கத்து வீடு. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு நீரோடியிலிருந்து போன வருஷம்தான் குடி வந்தவள். மலையாளம் அவ்வளவாகத் தெரியாது. அப்பா கடலுக்குப் போவார், அம்மா மீன் விற்கப் போவார். தம்பி ஜிஜின் பிறந்ததிலிருந்து ரெஷ்மா பள்ளிக்கு வருவதில்லை. தம்பியை யார் பார்ப்பது? இப்போதும் அவன் அவள் இடுப்பில்தான் இருந்தான்.

டீச்சர் சாயா போட உள்ளே போன நேரம் பார்த்து, ரெஷ்மாவின் முறை வந்தது.

"மோளே, நினக்கு எந்து அவகாசமாணு வேண்டது?" என்று மேடம் கேட்டார்.

ரெஷ்மா விழித்தாள். டெல்னா முன்னால் பாய்ந்தாள்.

'என்ன அவகாசம் வேணும்னு கேக்குறாங்களே! எவ்வளவு அவகாசம்னுதானே கேக்கணும்? பாவம், மேடத்துக்கு அவசரம் போல' என்று நினைத்தாள். மேடத்தின் கேள்வியை அவளே திருத்திவிட்டாள்.

"உனக்கு எவ்வளவு அவகாசம் வேணும்னு கேக்குறாங்க பிள்ளே."

கணக்கு டீச்சர் வீட்டுக்கணக்குக்கு அவகாசம் தருவதுபோல, தான் பள்ளிக்கு வர மேடம் அவகாசம் தருகிறார் என்று ரெஷ்மா நினைத்துக்கொண்டாள். இடுப்பில் இருந்த தம்பியின் கால்களைப் பார்த்தாள்.

"இவன் நடக்கிறது வரைக்கும் வேணும். அதுக்குப் பிறவு பள்ளிக்கு வாறேன்னு சொல்லு."

டெல்னா அதை அழகாக மலையாளத்தில் சொன்னாள். தம்பி நடக்கும்வரை நேரம் வேண்டுமாம், பிறகு அவளே வந்துவிடுவாளாம்.

"ஓ! அது மதியோ? நல்லது" என்று, அது மட்டும் போதுமா என்பதுபோல மேடம் தலையாட்டினார். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அவ்வளவுதான், ரெஷ்மாவின் முறை முடிந்துபோனது.

ஜீப் போனதும், பள்ளி வாசலில் கட்டியிருந்த துணியை டீச்சர் அவிழ்த்தார். டெல்னா அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். 'குட்டிகளுடெ அவகாசங்ஙள்.'

"டீச்சர், பிள்ளைகளுக்கு எல்லாம் எவ்வளவு அவகாசம் குடுப்பாங்க?"

டீச்சர் சிரித்தார். "இது நம்ம அவகாசம் இல்ல மக்கா. மலையாளத்துல அவகாசம்னா உரிமையாக்கும்."

டெல்னாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயோ! டீச்சர், நான் கெடுத்துட்டேன்!"

நடந்ததைக் கேட்டதும் டீச்சரின் சிரிப்பும் போய்விட்டது. "அந்த நேரம் பார்த்து நான் சாயா போடப் போயிட்டனே" என்றார். டெல்னா சாலைக்கு ஓடினாள். ஜீப் பாறசாலைப் பக்கம் போய் வெகு நேரமாகியிருந்தது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உரிமையைக் கேட்க வேண்டிய பிள்ளையை அவகாசம் கேட்க வைத்துவிட்டேனே! தெரியாத வார்த்தைக்கு, தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

நேரே ரெஷ்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். "என்மேல கோவமா பிள்ளே?"

"கோவம் ஒண்ணும் இல்ல" என்றாள் ரெஷ்மா. ஆனால் முகம் வாடிவிட்டது.

"இப்ப நான் சரியா கேக்குறேன். உனக்கு என்ன உரிமை வேணும்?"

"உரிமைன்னா, கேட்டா ஏச மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

ரெஷ்மா படபடவென்று பேசினாள். "அப்படின்னா எனக்கு நாளைக்கே பள்ளிக்கு வரணும். இவன் நடக்கிறது வரைக்கும் எதுக்கு? இவன் நடந்தா இன்னும் பாடு! கடல்ல போய் விழாம பின்னாலயே ஓடணும். வேற எதுவும் கேக்கக்கூடாதுன்னு நினைச்சுத்தான் அவகாசம் கேட்டேன்." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

"நாளைக்கு ஞாயிறு. திங்கக்கிழமை வா. ஜிஜினையும் தூக்கிட்டு வா" என்றாள் டெல்னா.

திங்கட்கிழமை, வகுப்பு வாசலில் மூன்று பேர் நின்றார்கள். தலைமை ஆசிரியர் யேசுவடியான் சார் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"இது பள்ளிக்கூடமா, பிள்ளை வளர்க்கிற இடமா?"

ரெஷ்மா பயந்துபோனாள். "இல்ல சார், இன்னும் கொஞ்சம் அவகாசம்..." என்று திரும்பிப் போகப் பார்த்தாள். டெல்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அவளுக்குத் தமிழ் அவகாசம் வேண்டாம். மலையாள அவகாசமாக்கும் வேணும்!"

சார் ஒன்றும் புரியாமல் கிருபாபாய் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பக்கத்தில் வந்து மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பையன் அழாம இருப்பானா?"

"இருக்க மாட்டான் சார்" என்று ரெஷ்மா உள்ளதைச் சொன்னாள்.

"சரி, அழட்டும். கணக்குப் பாடத்துல இங்க எல்லாரும் அழத்தான் செய்யுது. உள்ள வா."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டெல்னா மட்டும் முழுசாகச் சிரிக்கவில்லை. டீச்சர் சனிக்கிழமையே மேடத்துக்குக் கடிதம் போட்டிருந்தார், ஆனால் அதற்குப் பதில் கடைசிவரை வரவில்லை. டெல்லிக்குப் போன பட்டியலில் ரெஷ்மா கேட்டது இல்லை. அவளைப்போலத் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் எத்தனை ஊரில் இருப்பார்களோ! அந்த வருத்தம் டெல்னாவுக்கு வெகு நாள் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை ஜிஜின், அக்கா சொன்ன சொல் தவறாமல் அழுதான். சார் அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வருகைப் பதிவேட்டை வாசித்தார். எல்லாப் பெயரும் முடிந்ததும், அடியில் புதிதாக ஒரு பெயரை எழுதி, "ரெஷ்மா" என்றார்.

"உள்ளேன் ஐயா!"

அவள் போட்ட சத்தத்தில் ஜிஜின் அழுகையை நிறுத்திவிட்டான்.