ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போக

நான்கு மணிச் சோதனையில் கழித்தல் தெரிந்துவிட்டது என்று உறுதியான ஏழு பிள்ளைகள், நாலரை மணிக்கு அதை மறந்தார்கள். அழிப்பான் அறையிலிருந்து வரிசையாக வந்து, கை கழுவி, சுண்டலுக்குத் தட்டை நீட்டினார்கள். யாரும் அழவில்லை. அன்றைய பகலே அவர்களிடம் இல்லை. எதை நினைத்து அழுவது.

சூசைராஜ் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முதல் நாள் இதைப் பார்த்தபோது அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கண்காணிப்பாளர் வடிவுக்கரசி அப்போது சொன்னது இதுதான்: "கத்துக்கிட்ட பிள்ளை பயிற்சிக்கு ஆகாது, சூசைராஜ். நாளைக்கு இன்னொருத்தர் இதே பாடத்தை நடத்தணும். தெரிஞ்ச பிள்ளைக்கு அவர் எதை நடத்துவார்?"

ஐந்து வயதில் பதிப்பானின் கீழ் தலையை வைத்தால் கூட்டல் முதல் பின்னம் வரை அரை மணி நேரத்தில் இறங்கிவிடும் காலம் அது. ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும் இறங்காது. அவர்களுக்காகத்தான் அரசு இன்னும் மனித ஆசிரியர்களை வைத்திருந்தது. கற்பிக்கப் பழகுவதற்கு ஒன்றும் பதியாத பிள்ளைகள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கிடைப்பது அரிது. அதனால் பன்னிரண்டு பேரைச் சீமைக்கருவேலங் காட்டுக்கு நடுவே இந்த இல்லத்தில் வைத்து, பகலில் கற்பித்து மாலையில் அழித்தார்கள். சோதனையில் தேறாத பிள்ளையை அழிப்பானில் உட்கார வைப்பதில்லை. அழிக்க ஒன்றும் இல்லாத தலைக்கு மின்சாரம் எதற்கு.

ஆசிரியர் பயிற்சி நாற்பது நாள். அதுவரை வீட்டோடு பேசக்கூடாது. மறுநாள் காலை சூசைராஜுக்குக் கடைசித் தேர்வு. தேறினால் ஊருக்குப் போகலாம். அவன் புறப்பட்டபோது மகளுக்கு ஆறு மாதம். சாயாமல் உட்காரப் பழகிக்கொண்டிருந்தாள். சேருவதற்கென்று சாத்தூரில் வாங்கிய செருப்பு அதற்குள் குதிகாலில் ஓட்டை விழுந்துவிட்டது. போனதும் கடைக்காரனிடம் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் என்று வைத்திருந்தான்.

அவனிடம் ஒரே ஒரு குறை இருந்தது. பிள்ளை பேசாமல் இருந்தால் அவனால் மூன்று விநாடிக்கு மேல் தாங்க முடியாது. விடையைத் தானே சொல்லிவிடுவான். பின்வரிசையில் குறிப்பேட்டோடு உட்காரும் பயிற்சி அலுவலர் தாஹிரா அதை முதல் வாரமே கண்டுபிடித்தாள். "மனசுக்குள்ள எண்ணுங்க சார். இருபது வரைக்கும் எண்ணுங்க. அதுக்குள்ள பிள்ளை யோசிச்சிரும்." நாற்பது நாளில் அவன் கற்றது அந்த எண்ணிக்கைதான். இப்போது இருபது வரை போக முடிந்தது.

சுண்டல் முடிந்ததும் கடைசியாக ஒருமுறை ஒத்திகை பார்க்க மாடத்தியை வகுப்புக்கு அழைத்தான். பதினொரு வயது இருக்கும். இரண்டாம் வகுப்புக் கணக்கில் நின்றவள். அன்றும் சோதனையில் தேறாததால் அழிப்பானுக்குப் போகாதவள். பலகையில் 52 எழுதி, கீழே 27 எழுதினான்.

அவள் 35 என்று எழுதினாள்.

"எப்படிம்மா வந்துச்சு?"

"ஏழு பெருசு, ரெண்டு சின்னது. பெருசுல இருந்துதான் சின்னத எடுக்கணும்னு ஒண்ணாப்புல சொன்னாங்க."

கீழ்ப்படிந்ததால் வந்த தப்பு. பயிற்சி ஆசிரியர்கள் எல்லாருக்கும் பிடித்த தப்பு. அவன் ஈர்க்குச்சிக் கட்டுகளை எடுத்து வைத்தான்: ஐந்து பத்துக் கட்டு, இரண்டு உதிரி. "இதுல இருந்து இருபத்தேழு குச்சி எனக்குக் குடு."

அவள் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எண்ணினான். பத்து. பதினைந்து. வியர்த்த கையிலிருந்து சுண்ணக்கட்டி நழுவி மேசைக்கடியில் உருண்டது. எடுக்கக் குனிந்தான்.

மேசையின் அடிப்பலகை முழுக்கக் கோடுகள். ஈர்க்குச்சி முனையால் கீறியவை. நான்கு நின்ற கோடு, குறுக்கே ஒன்று, ஐந்தைந்தாக வரிசை. நடுவில் ஒரு சின்னச் சிலுவைக் குறி.

"இத யாரு கீறுனா?"

மாடத்தி வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. வகுப்பில் ஒட்டுக்கேட்கும் கருவியும் கிடையாது. சோதனைத் தாள் போதும் என்று இல்லம் நம்பியது.

"நான்தான். ஒரு பரீட்சைக்கு ஒரு கோடு. உங்கள மாதிரி சாருங்க எழுதுத கடைசிப் பரீட்சை. மொத்தம் முப்பத்தொண்ணு."

"உனக்குத்தான் எண்ணவே தெரியாதே."

"தெரியும். ஒருநாள் சோதனையில கவனமில்லாம தப்பா எழுதிட்டேன். அன்னைக்கு அழிக்கல. மறுநாள் எந்திரிச்சா முந்தின நாள் ஞாபகம் இருந்துச்சு. அன்னையில இருந்து தப்பாத்தான் எழுதுதேன்."

அவன் நடுவிலிருந்த குறியைத் தொட்டான். "இந்தச் சிலுவை?"

"அது நீங்க. பதினெட்டு பரீட்சை முடிஞ்சப்புறம் நீங்க வந்தீங்க. கழுத்துல சிலுவ போட்டிருந்தீங்க, அதான் அந்தக் குறி. கழிச்சுப் பாருங்க சார்."

முப்பத்தொன்றில் பதினெட்டு. ஒன்றில் எட்டுப் போகாது. அவன் விரல்கள் தாமாகவே ஒரு கட்டின் ரப்பரை உருவின. பதினொன்றில் எட்டுப் போக மூன்று. இரண்டில் ஒன்று போக ஒன்று.

"பதிமூணு."

"பதிமூணு தடவையும் பாஸ் நீங்க."

"பாஸானா வீட்டுக்குத்தான அனுப்புவாங்க."

"பாஸான சாருங்க மறுநாள் பெட்டியோட கேட்டுல நிப்பாங்க. புதுசா சேர வந்திருக்கேன், ஆபீஸ் எங்கிட்டு இருக்குன்னு எங்கிட்டயே கேப்பாங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்கு ஆறு மாசம்னு சொல்லுவீங்க."

சூசைராஜ் குதிகாலை அசைத்தான். ஓட்டை வழியாகத் தரையின் குளிர் ஏறியது. பதிமூன்று நாற்பதுகள், இதோடு பதினான்கு. ஒன்றரை வருடம். மகள் இந்நேரம் நடந்திருப்பாள். அப்பா என்று யாரையாவது பார்த்துச் சொல்லியிருப்பாள்.

ஆசிரியர் வேலைக்கு ஆள் வருவதில்லை என்று அவனுக்குத் தெரியும். அவன் சேர்ந்த அன்று விண்ணப்பித்தவன் அவன் ஒருவன்தான். கற்பிக்கத் தெரியாத ஆசிரியர்களும் பதியாத பிள்ளைகளைப் போலவே அரிது. தாஹிரா போன்ற அலுவலர்கள் பழகுவதற்கு அப்படி ஒருவன் வேண்டும். மூன்று விநாடி என்பது சுத்தமான குறை. எளிதில் கண்ணில் படும், நாற்பது நாளில் திருந்தும். கற்றுக்கொண்ட ஆள் பயிற்சிக்கு ஆகாது.

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"ஒருக்க நீங்க சேந்த மறுநாளே சொன்னேன். நேரா மேடத்துக்கிட்டப் போயி சத்தம் போட்டீங்க. அன்னைக்குச் சாயங்காலமே உங்கள அழிச்சுட்டாங்க."

"இப்ப மட்டும் எதுக்குச் சொல்ற?"

மாடத்தி ஈர்க்குச்சிகளை மறுபடி கட்டாகச் சேர்த்து ரப்பரைப் போட்டாள். "கோட்ட நீங்களே பாத்துட்டீங்க. அதோட, நான் பதினஞ்சு எண்ணுத வரைக்கும் பேசாம இருந்தீங்க. வாய மூடி இருக்கத் தெரிஞ்ச ஆளு ஆபீசுக்கு ஓடமாட்டாருன்னு நெனச்சேன்."

மறுநாள் பத்து மணிக்குத் தேர்வு. வடிவுக்கரசி சுவரோரம் நின்றார். தாஹிரா பின்வரிசையில் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தாள். அவள் தன்னை மதிப்பிட வந்திருக்கிறாள் என்று நாற்பது நாளும் நினைத்திருந்தான். வடிவுக்கரசியின் கண் அவன்மேல் இல்லை, தாஹிராவின் பேனாமேல் இருந்தது என்பதை இன்றுதான் கவனித்தான்.

மாடத்தி பலகைக்கு வந்தாள். 52. கீழே 27. அவள் 35 எழுதினாள்.

"எப்படிம்மா வந்துச்சு?"

அவள் பதில் சொல்லவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். சூசைராஜ் எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்று. இருபது வரை போக அவனுக்குத் தெரியும். போனால் அவள் ஏதாவது சொல்லுவாள், அவன் தேறுவான், நாளை காலை பெட்டியோடு கேட்டில் நிற்பான்.

"ரெண்டுல ஏழு போகாது. பக்கத்துல கடன் வாங்கு. பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு. நாலுல ரெண்டு போனா ரெண்டு. இருபத்தஞ்சு. எழுதும்மா."

மாடத்தி 25 என்று எழுதினாள். ஒன்றும் புரியாத முகத்தோடு போய் உட்கார்ந்தாள். அந்த முகத்தை அவள் நன்றாகவே பழகியிருந்தாள்.

வடிவுக்கரசி பெருமூச்சு விட்டார். "நாப்பது நாளா சொல்லிக்கொடுத்தும் அதே மூணு விநாடி. பரவாயில்ல. இன்னொரு நாப்பது நாள் இருங்க."

"சரிங்க மேடம்."

அவர் போனதும் குனிந்து மேசைக்கடியில் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோடு கீறினான். முதன்முறையாக அவன் கையால் விழுந்த கோடு.

வராந்தாவில் தாஹிரா அவனுக்காகக் காத்திருந்தாள். முகம் வாடியிருக்கும் என்று எதிர்பார்த்தான். வாடவில்லை.

"உங்களால எனக்கு மார்க் குறையும்னு பயந்தேன் சார். மேடம் வேற மாதிரி சொல்றாங்க. திருந்தாத ஆளை ஏன் திருந்தலைன்னு சரியா எழுதினா, அதுவே எனக்குப் பாஸாம். ராத்திரிக்குள்ள எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு ஊருக்குப் போயிடலாம். அடுத்த மாசம் எனக்கு நிக்காஹ். நாற்பது நாள் இங்க வர்றதுக்கே மாப்பிள்ளை வீட்டுல முணுமுணுத்தாங்க."

அவள் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி உதறினாள். உள்ளே புகுந்த மணல் குதிகால் ஓட்டை வழியாகக் கொட்டியது. வார் இரண்டு இடத்தில் தைத்திருந்தது.

"பாருங்க, இங்க வர்றதுக்குன்னே வாங்கினது. நாற்பது நாள் தாங்கல. இப்பல்லாம் எதுதான் உழைக்குது?" என்று அவனை நிமிர்ந்து பார்த்தாள். பதிலுக்குக் காத்திருந்தாள்.

வடிவுக்கரசியின் அறைக்கதவு திறந்திருந்தது. சொன்னால் அவளும் நேராக அங்கேதான் ஓடுவாள். சூசைராஜ் எண்ணத் தொடங்கினான். மூன்றைத் தாண்டினான். பத்தைத் தாண்டினான். பதினைந்தில் அவள் சிரித்துவிட்டு, தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

இருபது ஆனபோது படியில் மணல் மட்டும் கிடந்தது.