நாணம் ஒன்பது புள்ளி நான்கு

"உயிரியல் நிறைவு. வேதியியல் நிறைவு. புள்ளியியல் நிறைவு. நாணம் குறைவு" என்றது பாடத்தேர்வி. "ஆறு அலகு வேண்டிய இடத்தில் ஒன்றரைதான் உள்ளது. இந்தப் பாடப்பட்டியலோடு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இயலாது."

கல்லூரி அலுவலக வாசலில் ஆளுயரத்துக்கு நின்றிருந்த அந்த இயந்திரத்துக்கு ரகசியம் பேசத் தெரியாது. வரிசையில் நின்ற இருபது பேர் காதிலும் விழுந்தது. மதிவதனி துப்பட்டாவின் நுனியைப் பிசைந்தாள். அவளோடு வந்திருந்த அப்பா சென்னியப்பன், கோழிப்பண்ணைக்காரர், மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணு வருசமா என்ன கண்ணு பண்ணுன? ஒரு தப்புக்கூடவா பண்ணல?"

"பண்ணலீங்கப்பா" என்றாள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி.

மருத்துவம் படிக்க முதலில் மூன்றாண்டுப் பட்டம் வேண்டும் என்று சட்டம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. என்ன பட்டம் என்பது அவரவர் விருப்பம். ஆனால் சில பாடங்களில் இத்தனை அலகு என்று ஒரு கணக்கு உண்டு. நாணம் அந்தப் பட்டியலில் கடைசியாகச் சேர்ந்தது, நாணமானி வந்த பிறகு.

நாணமானி என்பது மணிக்கட்டில் கட்டும் பட்டை. தோலின் சூடு, வியர்வையின் உப்பு, ரத்தம் முகத்துக்கு ஏறும் வேகம், நெஞ்சுத் துடிப்பின் தடுமாற்றம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஆள் எவ்வளவு கூசிப்போயிருக்கிறார் என்று பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லிவிடும். பயத்தையும் வெட்கத்தையும் அது ஒருபோதும் குழப்பிக்கொள்ளாது. அதைக் கட்டிக்கொண்டு பத்தாண்டு வேலை பார்த்த அறுவை மருத்துவர்களை ஆராய்ந்தபோது ஒன்று தெரியவந்தது. தவறு செய்தபின் நெடுநாள் கூசுகிறவர் அதே தவறை மறுபடி செய்வதில்லை. அருமையான கண்டுபிடிப்பு. கண்டுபிடித்தவர்கள் நல்லவர்கள். அப்படிப்பட்டவர்களை மட்டும் மருத்துவத்துக்கு எடுப்போம் என்று விதி போட்டவர்களும் நல்லவர்களே. அதற்குப் பிறகுதான் நாமக்கல்லில் பயிற்சி மையங்கள் திறந்தன.

"கடைசிப் பருவத்தில் ஒரு விருப்பப்பாடம் மீதமுள்ளது" என்றது பாடத்தேர்வி. "முதியோர் இல்லச் செய்முறை, மருந்தகச் செய்முறை, பறவையியல். இவற்றில் பறவையியலால் நாண அலகு கிடைக்க வாய்ப்பில்லை."

மதிவதனிக்குப் பறவையியல்தான் படிக்க வேண்டும். முதலாண்டிலிருந்தே ஒவ்வொரு பருவமும் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தாள். அப்பா அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மருந்தகச் செய்முறையை அழுத்தினார்.

அன்று மாலையே ரங்கதுரை மாஸ்டரின் பணிவுப் பயிற்சி மையத்தில் அவளைச் சேர்த்தும்விட்டார். வாசல் சுவர் முழுக்க, சீட்டு வாங்கிய பிள்ளைகளின் தலைகுனிந்த படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே நாண அளவு. மாஸ்டர் வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக, கல்யாண வீட்டுக்காரர் போலச் சிரித்த முகமாக இருந்தார்.

"தப்புப் பண்ணோணும் அம்மிணி. உசுருக்கு ஆபத்தில்லாத தப்பு. ஆனா திட்டு இன்னொருத்தருக்கு விழோணும், அதான் சூட்சுமம். நாமளே திட்டு வாங்குனா மூணுக்கு மேல ஏறாது. நாம பண்ணுனதுக்கு இன்னொருத்தர் தலகுனிஞ்சு நின்னா ஆறுக்குக் கொறையாது."

"அது பாவமில்லீங்களா சார்?"

"பாவந்தான். அதனாலதான் ஏறுது" என்றார் மாஸ்டர். "ஏறுன நம்பரு நாப்பது நாளைக்கு ஆறுக்குக் கீழ எறங்கக் கூடாது. அதுக்குப் பேரு நிலைப்புக்காலம். அந்த நாப்பது நாளும் வாயத் தெறக்கவே கூடாது. போயி சொல்லி அழுதுட்டீன்னா மனசு லேசாயிரும், நம்பரு சர்ருனு எறங்கிரும்."

"யாராச்சும் சொல்லி எறங்கிருக்குதுங்களா?"

"இந்த மையத்துல அறுவத்திரண்டு பேரு சீட்டு வாங்கிருக்காங்க. ஒருத்தராச்சும் வாயத் தெறந்துருப்பாங்கன்னு நெனைக்கிறியா?" என்று மாஸ்டர் பெருமையாகக் கேட்டார்.

செய்முறைக்கு அவள் போன மருந்தகம் பைபாஸ் ஓரத்தில் இருந்தது. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், மாத்திரை கட்டிக்கொடுக்கும் பழனாத்தா. பழனாத்தாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பத்தொன்பது வருடமாக அதே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மாத்திரை கட்ட எந்திரம் வந்தும் சனங்கள் அவள் ஜன்னலுக்குத்தான் வந்தார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்காக அவள் இரண்டு முத்திரை வைத்திருந்தாள். காலை மாத்திரைக் கவரில் சூரியன், இரவு மாத்திரைக் கவரில் நிலா. மை காயும்வரை ஊதி, "சூரியன் வந்தா இது, நிலா வந்தா இது" என்று ஒவ்வொருவருக்கும் காட்டி அனுப்புவாள்.

இரண்டாவது வாரமே, "நீ குத்து கண்ணு, நான் கட்டுறேன்" என்று முத்திரைகளை மதிவதனியிடம் கொடுத்துவிட்டாள்.

மதிவதனி மூன்று நாள் தள்ளிப்போட்டாள். நான்காம் நாள், ஓய்வுபெற்ற நல்லமுத்து வாத்தியாருக்குக் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு வைட்டமின் கவர்கள் வந்தன. காலையில் போடுவதை இரவில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று புத்தகத்தில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு சூரியன் இருக்க வேண்டிய கவரில் நிலாவைக் குத்தினாள்.

மறுநாள் காலை வாத்தியார், இரண்டிலும் நிலாவே இருந்த கவர்களை ஆட்டிக்கொண்டு வந்து நின்றார். மருத்துவர் விசாலம் வெளியே வந்து, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டார். "இது வைட்டமினாப் போச்சு. இதுவே சர்க்கரை மாத்திரையா இருந்தா? கண்ணை எங்கம்மா வெச்சிருந்தீங்க?"

"என்ற தப்புத்தானுங்க டாக்டரம்மா" என்றாள் பழனாத்தா, தலையைக் குனிந்துகொண்டு. "பொண்ணு மேல ஒண்ணுமில்லீங்க. அது சின்னப் பொண்ணு."

மதிவதனி மேசைக்கு அடியில் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பூஜ்யம் புள்ளி இரண்டு.

அவளுக்கு அப்போது வந்தது எரிச்சல். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது அதுதான். இவ்வளவு பாடுபட்டும் ஏறவில்லையே என்ற எரிச்சல். எடை போடும் எந்திரத்தின் மேல் ஏறி நின்று முள் நகரவில்லை என்று அலுத்துக்கொள்வது போல, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பட்டையை முறைத்துக்கொண்டே போனாள். திட்டம் போட்டுச் செய்த தவறு அவளுக்குக் கணக்குப் பாடம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

மூன்று நாள் கழித்துப் பழனாத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். சந்தையில் தட்டுக்கூடையில் வைத்து விற்கும் பெரிய கண்ணாடி. மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது.

"பத்தொம்போது வருசத்துல சூரியனும் நிலாவும் மாறுனதே இல்ல கண்ணு. கண்ணுதான் போயிருச்சு, எனக்குத் தெரியாமயே போயிருக்குது. இதப் போட்டா இன்னும் மங்கலாத்தான் இருக்குது. பழகிருமாமா." ஒரு கவரை எடுத்து மதிவதனியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீ பாத்துச் சொல்லு. சூரியன்தான?"

கவரில் சூரியன் பளிச்சென்று இருந்தது.

"சூரியன்தானுங்க அக்கா" என்றாள் மதிவதனி. சொன்ன கையோடு காது இரண்டும் கொதித்தன. கழுத்து, நெற்றி, உள்ளங்கால்வரை கொதித்தது. அந்த இடத்திலேயே காணாமல் போய்விட வேண்டும் போலிருந்தது. மணிக்கட்டிலிருந்து நாதஸ்வரம் கிளம்பியது. அளவு ஆறுக்கு மேல் ஏறும்போதெல்லாம் வாசிக்கும், நிலைப்புக்காலத்தில் மட்டும் வாசிக்காது என்று செய்திருந்தார்கள். கெட்டிமேளத்தோடு அரை நிமிடம். ஏழு. எட்டரை. ஒன்பது புள்ளி நான்கு.

"என்ன கண்ணு அது?"

"நான்... பாஸாயிட்டனுங்க அக்கா."

"அட ஏஞ்சாமி!" பழனாத்தா பையைத் துழாவி ஒரு கடலைமிட்டாயை எடுத்து அவள் வாயில் வைத்தாள். அதை விழுங்குவதற்குள் மதிவதனிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பழனாத்தா அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துத் துடைத்துவிட்டாள்.

அதன்பிறகு நிலைப்புக்காலம். வேறு பிள்ளைகள் அளவு இறங்கிவிடுமோ என்று பயந்து, செய்த தவறைத் தினமும் உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பார்களாம். மதிவதனிக்கு அந்த வேலையே வைக்கவில்லை பழனாத்தா. ஒரு நாளைக்கு எண்பது கவர், தொண்ணூறு கவர். ஒவ்வொன்றையும் நீட்டி, "சூரியன்தான? நிலாதான?" என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் மதிவதனி பதில் சொன்னாள். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் பழனாத்தா ஒரு தாளை மடித்து எடுத்துக்கொண்டு மருத்துவர் அறைக்குப் புறப்பட்டாள்.

"என்னங்க அக்கா அது?"

"வேலைய விட்டு நின்னுக்கிறேன்னு எழுதிக் குடுக்கறேன் அம்மிணி. டாக்டரம்மா போகச் சொல்லல. எனக்குத்தான் பயமா இருக்குது. என்ற கையால எவனாச்சும் போய்ச் சேர்ந்துட்டான்னா?"

மதிவதனி எழுந்து நின்றாள். சொல்லிவிடத்தான் எழுந்தாள். இன்னும் இரண்டே நாள் என்று நினைத்தாள். நாற்பது முடிந்ததும் நாற்பத்தோராம் நாளே சொல்லிவிடலாம். பழனாத்தா அக்காவுக்கு இரண்டு நாளில் என்ன குறைந்துவிடும்? அப்படி நினைத்ததும் பட்டை துடித்து ஒன்பது புள்ளி ஆறைத் தொட்டது. அவள் உட்கார்ந்துகொண்டாள். பழனாத்தா தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாற்பதாம் நாள் பாடத்தேர்வி, "நாணம் நிறைவு. சராசரி ஒன்பது புள்ளி நான்கு. மாவட்ட முதலிடம்" என்று எல்லோருக்கும் கேட்க அறிவித்தது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். சென்னியப்பன் பண்ணை ஆட்களுக்கெல்லாம் ஜிலேபி வாங்கிக்கொடுத்தார். "எம் புள்ள எங்கிட்டகூட நிமுந்து பேசறதில்லீங்க, அவ்வளவு கூச்சம்" என்று போனில் ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

நாற்பத்தோராம் நாள் காலை மதிவதனி மருந்தகத்துக்குப் போனாள். எதிர்ச் சுவரில் ராத்திரியோடு ராத்திரியாகப் பயிற்சி மையத்துக்காரர்கள் ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். தலைகுனிந்த அவள் முகம், ஆள் உயரத்துக்கு. பழனாத்தாவுக்கு அன்று கடைசி நாள். முத்திரை இரண்டையும் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அது உன்ற போட்டோதான அம்மிணி? சித்த முன்னாடி டீக்கடைக்காரர் படிச்சுச் சொன்னாரு. நாணம் ஒம்போது புள்ளி நாலாமா. மாவட்டத்துலயே மொதலாமா." சிரித்தாள். பிறகு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகத்தோடு, "அத்தன வெக்கப்படற மாதிரி நீ என்ன சாமி பண்ணுன?" என்று கேட்டாள்.

வாழ்த்திய அத்தனை பேரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

"வாத்தியாரு கவர்ல நிலாவ மாத்திக் குத்துனது நாந்தானுங்க அக்கா. தெரியாமக் குத்தல. வேணும்னே குத்துனேன். சீட்டுக்கு."

பழனாத்தா மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினாள். ஜன்னல் வழியாகச் சாலைக்கு அந்தப்பக்கம் இருந்த பேனரைப் பார்த்து, அடியில் இருந்த பொடி எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தாள். "அடுத்த ஆண்டு... சேர்க்கை... நடைபெறுகிறது. பேருந்து வசதி... உண்டு."

படித்து முடித்துவிட்டு மதிவதனியைப் பார்த்தாள்.

"அப்ப என்ற கண்ணு நல்லாத்தான் இருக்குதா?"

"இருக்குதுங்க அக்கா."

"நாப்பது நாளா ஒவ்வொரு கவரா உங்கிட்டக் கேட்டனே. அப்பவுந் தெரியுமா?"

"தெரியுமுங்க. டாக்டரம்மாகிட்ட இப்பவே சொல்லிர்றனுங்க. நீங்க போக வேண்டாமுங்க அக்கா."

"சொல்லு. ஆனா நான் இனிக் கவரத் தொட மாட்டேன் அம்மிணி" என்று பழனாத்தா தன் விரல்களை நீட்டிக் காட்டினாள். அவை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. "கண்ணு நல்லா இருக்குதுன்னு இதுக்கு யாரு சொல்றது?"

மதிவதனி நின்றாள். மனசு லேசாகும் என்று மாஸ்டர் சொன்ன அந்த லேசு இப்போது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. காது கொதித்தது, உள்ளங்கால் கொதித்தது, மணிக்கட்டில் நாதஸ்வரம் கிளம்பியது. ஒன்பது புள்ளி ஆறு. ஒன்பது புள்ளி எட்டு. பத்து. அதற்கு மேல் அந்தப் பட்டையில் எண் கிடையாது.

சொன்னால் இறங்கும் என்றார் மாஸ்டர். அறுபத்திரண்டு பேரும் அதை நம்பினார்கள். ஒருவரும் சொல்லிப் பார்த்ததில்லை. முதல் நாளே சொல்லியிருந்தாலும் இந்த எண் ஏறித்தான் இருக்கும், சீட்டும் கிடைத்திருக்கும், பழனாத்தா அக்கா இந்த ஜன்னலுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருப்பாள். மதிவதனி பட்டையைக் கையால் பொத்திப் பார்த்தாள், துப்பட்டாவைச் சுற்றிப் பார்த்தாள். கெட்டிமேளம் நிற்கவில்லை.

பழனாத்தா பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"எதுக்கு அம்மிணி மறுபடியும் மேளம்? அதான் சீட்டுக் கெடச்சிருச்சே?"

பழனாத்தா அது வாசித்து முடிக்கிறவரை படியிலேயே நின்றிருந்தாள். பிறகு கண்ணாடியை முந்தானையில் முடிந்துகொண்டு, பேனருக்குக் கீழே நடந்து போனாள்.