மூடி போட்ட வாளி

கையை எடுத்த பிறகும் மெல்லும் சத்தம் நிற்கவில்லை.

ஹொஸுமி ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். திரையில், குழந்தைகள் வாராவாரம் சிரித்துப் பார்க்கும் அனிமே தொடர் ஓடியது. மெய்நிகர் விளையாட்டுக்குள் புகுந்த சிறுமி போமு, கைகூப்பி, "இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி" என்று ராகமாகச் சொல்லிவிட்டு, கண்ணும் வாயும் உள்ள கூழ் அரக்கர்களை மென்று விழுங்குவாள். அந்தச் சத்தத்தை உண்டாக்குவது ஹொஸுமியின் வேலை. வழவழப்பான சாம்பல்நிறப் பாளம் ஒன்றை, கொன்யாக்கு என்ற கிழங்குமாவுப் பண்டத்தை, மைக் அருகே பிசைவாள்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் குசாமா பேசினார். "ஹொஸுமி சான், கடைசியில என்னமோ முழுங்குனீங்களே. என் வீட்டுக்காரி குடுத்த சோத்துருண்டையா?"

"நான் எதையும் முழுங்கல."

"சரி, இன்னொரு தடவ. அஞ்சு மணிக்குள்ள அனுப்பலன்னா நம்ம ரெண்டு பேர் வேலையும் போச்சு."

சத்தத்துக்குப் பயன்பட்ட உணவைக் கைகூப்பி நன்றி சொல்லிப் பகிர்ந்து உண்பது அந்த அறையின் வழக்கம். பிசைந்ததைத் தின்பதா என்று குமட்டி, பத்து வாரமாக அவள் அதை மேசைக்கடியில் மூடி போட்ட வாளிக்குள் தள்ளி வந்தாள். சோற்றுருண்டைகளையும்தான். விடியலில் எழுந்து முகம் தெரியாத ஒருத்திக்காக உருட்டிய கைகளை அவள் ஒருமுறையும் நினைத்ததில்லை.

வாளியைக் காலி செய்ததாக நினைவில்லை. அது நிறைந்ததும் இல்லை.

பதிவு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. புளித்த சோறும் மீன் கவிச்சியும் கலந்த வெதுவெதுப்பான வாடை முழங்காலைத் தடவி மேலே ஏறி, நாக்கின் அடியில் எச்சிலாய் ஊறியது. அவள் பாதி எழுந்தாள்.

"அசையாதீங்க," என்றார் குசாமா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "அருமையா வருது."

அவர் வேலையும் போய்விடுமே. உட்கார்ந்தாள்.

கொன்யாக்கு தட்டில் கிடந்தது. யாரும் தொடவில்லை. மெல்லும் சத்தம். கீழே.

அவள் கைகூப்பினாள். "இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி," என்று முணுமுணுத்தாள். முதல்முறையாக. மனதார.

சத்தம் நின்றது.

மூடி நகர்ந்தது. இரண்டு சாம்பல்நிறக் கைகள். எலும்பில்லாதவை. விரலிடுக்கில் பழைய சோற்றுப் பருக்கைகள். அவள் முழங்கால்களுக்கு நடுவே எழுந்து, மெல்ல, மரியாதையாகக் குவிந்தன.

போமுவின் குரலில், ராகமாக:

"இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி."